நஞ்சுக்குக் கொழுப்பு ஒட்டிய நாட்கள்

நஞ்சு தயாரிப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது என்று சொன்னால், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு லிஃப்டில் இப்போதும் யாராவது ஓரடி தள்ளித்தான் நிற்கிறார்கள். உண்மையில் அது அவ்வளவு வீரமான வேலை இல்லை. பாதி நேரம் கண்ணாடிக் குழாய் கழுவுவது; மீதி நேரம் மின்சாரம் எப்போது வரும் என்று விசிறியை அண்ணாந்து பார்ப்பது. சொன்னதைச் சொன்னபடி செய்தும் ஒன்றும் நடக்காமல், மறுநாள் போய் அதையே திரும்பச் செய்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்குவதற்காகக் காத்திருந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தெற்கு தில்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் டெக்னிகல் அசிஸ்டென்ட். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்து, கல்யாணமாகி தில்லிக்கு வந்தவள். அடுத்த மேஜை விம்லா அரோராவுடையது. நாற்பது வயதைத் தாண்டிய பஞ்சாபிப் பெண்மணி. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பிஎச்.டி.க்குச் சேர்ந்தவர். நிரந்தர வேலை கிடையாது. ஒரு ப்ராஜெக்டின் பேரில் ஒட்டிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் கமிட்டி வரும். அதற்குள் எங்கள் நஞ்சு எப்படி விழித்தெழுகிறது என்று கண்ணுக்கு முன்னால் காட்டிவிட்டால் ப்ராஜெக்ட் நீளும், தீசிஸும் முடியும். காட்டாவிட்டால் இரண்டும் போகும். அரசு வேலைக்கு வயது கடந்துவிட்டதால் அவருக்கு வேறு கதவு இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் அந்த மார்ச்சைப் பார்த்து நடந்தவைதான்.

தெர்மாஸ்

எங்கள் நஞ்சு ரத்தத்தின் சிவப்பணுக்களில் துளை போடும் வகை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஆட்டு ரத்தம் வேண்டும். ஆடுகள் இருந்த இடம் ஊரின் இன்னொரு கோடி. அங்கே ராம்பால் என்பவர் ஆட்டின் கழுத்தில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து, உறையாமல் இருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் குலுக்கித் தருவார். ஆடு எழுந்து, ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். நிலையத்தில் ஜீப் ஒன்று உண்டு. ஜீப் இருக்கும் நாளில் டிரைவர் இருக்கமாட்டார். டிரைவர் இருக்கும் நாளில் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். ஆகவே பனிக்கட்டி போட்ட தெர்மாஸில் ரத்தக் குடுவையை வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறுவேன்.

ஜனவரிக் காலை ஒன்றில் பக்கத்து சீட்டுப் பெரியவர் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு, ஒரு வாய் தேநீர் கிடைக்குமா என்று மரியாதையாகக் கேட்டார். இது தேநீர் இல்லை என்றேன். பால் என்றாலும் பரவாயில்லை என்றார். பாலும் இல்லை, ஆட்டு ரத்தம் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எழுந்தார். முன் சீட்டுக்காரர்கள் எழுந்தார்கள். அந்தக் கூட்டத்திலும் என்னைச் சுற்றி நாலு இடம் காலி. கண்டக்டர் நிதானமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். “மாதாஜி, தினமும் இதே பஸ்ஸில வாங்க. காலையிலேர்ந்து இப்பத்தான் உட்காருறேன்.”

பேர் இல்லாத பெண்

நஞ்சைச் செய்யும் கிருமி எங்கிருந்தோ பறந்து வந்ததில்லை. நம் எல்லாருடைய குடலிலும் சாதுவாக இருக்கிற கிருமியின் ஒரு பொல்லாத பங்காளி அது. சிறுநீர்ப் பாதையில் ஏறிச் சிறுநீரகத்தில் குடியேறினால் ஆளைப் படுக்கவைத்துவிடும். எங்களிடம் இருந்தது ஒரு மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. உறைபெட்டியில் இருந்த சின்னக் குப்பியின் மேல் ‘பெண், சிறுநீரகத் தொற்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. பேர் இல்லை, ஊர் இல்லை.

குப்பியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும். எந்தத் தெருவில் இருக்கிறாளோ, காய்ச்சலோடு அடுப்படியில் நின்றாளோ. அவள் உடம்பிலிருந்து வந்த ஒரு பொட்டு, அவளுக்குத் தெரியாமல், பனியில் உறைந்து எங்கள் கையில் இருக்கிறது. விரல்நுனி அளவு எடுத்துக் கஞ்சித் தண்ணீர் போன்ற ஊட்டத்தில் விட்டால் காலைக்குள் கோடி கோடியாகப் பெருகுகிறது. அவள் பிழைத்திருப்பாளா என்று ஒருநாள் விம்லாவிடம் கேட்டேன். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே சொன்னார்: “பிழைச்சிருப்பா கோம்தி. அவ உடம்புல இருந்த கிருமியே இவ்வளவு பிடிவாதம் பிடிக்குதுன்னா, அவ எவ்வளவு பிடிச்சிருப்பா.”

கோமதி என்ற என் பேர் வடக்கத்தியர் வாயில் கோம்தி ஆகிவிடும். லக்னோவில் அந்தப் பேரில் ஓர் ஆறு ஓடுவதால் நான் ஆட்சேபிக்கவில்லை.

ஜிலேபி

உப்புநீரில் கலந்த சிவப்பணுக்கள் குழாயில் கலங்கலாக நிற்கும். பீட்ரூட் சாற்றில் பால் விட்டதுபோல. பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. நஞ்சு அணுக்களைத் துளைத்துவிட்டால் உள்ளேயிருக்கும் சிவப்பு வெளியே வந்து, கலங்கல் போய், மாதுளம்பழச் சாறாகத் தெளிந்துவிடும். அளக்க யந்திரம் உண்டு. அதன் விளக்கு அடிக்கடி உயிரை விடும். அதனால் மதிய டப்பா சுற்றி வந்த தமிழ் வாரப்பத்திரிகைத் தாளிலிருந்து ஒரு தலைப்பைக் கிழித்துக் குழாய்த் தாங்கிக்குப் பின்னால் ஒட்டிவைத்தேன். எழுத்து தெரியாவிட்டால் ரத்தம் முழுசாக இருக்கிறது. தெரிந்தால் நஞ்சு வேலை செய்திருக்கிறது. அந்தத் தலைப்பின் முதல் எழுத்து கட்டைவிரல் பெரிசுக்கு ஓர் ‘இ’.

அந்த எழுத்தை விம்லா வெகு நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பாய் என்று விசாரித்தார். எழுதிக் காட்டினேன். விரலால் காற்றில் ஒருமுறை அவரும் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாங்க இதை எண்ணெயில பொரிச்சு, பாகுல போட்டுச் சாப்பிடறோம். நீங்க உட்கார்ந்து எழுதறீங்களா?”

ஆயிரத்தில் இரண்டு

எங்கள் தலைவர் டாக்டர் மிஸ்ரா பனாரஸ்காரர். வாயில் எப்போதும் பான். முக்கியமான விஷயம் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பிவிட்டு வருவார். அன்று துப்பிவிட்டு வந்து, கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

இதுதான் நஞ்சு என்றார். ஆயிரம் மணிக்கும் மேல் கோத்த மாலை மாதிரி ஒரு புரதம். பிறக்கும்போது இது அப்பாவி. ரத்தத்தில் போட்டால் ஒன்றும் செய்யாது, சும்மா கிடக்கும். பக்கத்திலேயே சின்னதாக ஒரு துணைப் புரதம் பிறக்கிறது. அது கிருமியின் சொந்தச் சரக்கிலிருந்து கொழுப்பு அமிலம் ஒன்றை வாங்கிவந்து மாலையில் ஒட்டுகிறது. எல்லா மணியிலும் இல்லை. ஆயிரத்தில் இரண்டே இரண்டு மணியில். அதற்கப்புறம்தான் இது நஞ்சு. சிவப்பணுவின் தோலே கொழுப்பால் ஆனது. வெறும் புரதம் அதன்மேல் மோதிவிட்டு விலகிப்போகும். கொழுப்பு வால் முளைத்தது உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடும், இறங்கிய இடத்தில் ஓட்டை விழும்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் பேர் கூடிய கல்யாண வீட்டில் இரண்டு பேர் இடுப்பில் மட்டும் சாமான் அறைச் சாவி இருப்பதுபோல. எந்த இரண்டு என்று அந்தத் துணைப் புரதத்துக்கு யார் சொன்னது? கண் இல்லை, கை இல்லை, தப்பு மட்டும் செய்வதில்லை. தன்னையே அந்த நஞ்சு தின்றுவிடாமல் இருக்க, அப்பாவியாகவே பெற்று, வாசலுக்கு அனுப்பும்போது ஆயுதம் கொடுக்கிற கிருமியின் சாமர்த்தியத்தை என்ன சொல்ல. எனக்குக் கை கூப்ப வேண்டும்போல இருந்தது. எங்கள் வேலை இதைக் குழாயில் நடத்திக் காட்டுவது. நஞ்சு ஒரு குப்பியில், துணைப் புரதம் ஒரு குப்பியில், கொழுப்பைச் சுமந்து வரும் குட்டிப் புரதம் இன்னொன்றில். மூன்றையும் சேர்த்தால் தூங்கும் நஞ்சு எழ வேண்டும். வெளிநாட்டில் செய்துவிட்டார்கள். எந்தெந்தக் கொழுப்பை அது ஏற்கும், எதை மறுக்கும் என்பதை எங்கள் ஊர்க் கிருமியில் பார்ப்பது விம்லாவின் தீசிஸ். மிஸ்ரா கரும்பலகையை அழிக்காமலே கிளம்பினார். வாசலில் திரும்பிச் சொன்னார்: “விம்லா ஜி, மார்ச்சுல கமிட்டிக்காரங்க இந்தப் படத்தைப் பார்க்க வரலை. ரத்தத்தைப் பார்க்க வர்றாங்க.”

அழகு

விம்லா அந்த நஞ்சைப் பிரித்தெடுத்த சுத்தத்தைப் போல நான் பார்த்ததில்லை. புரதங்களைத் தனித்தனிக் கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் சாயம் ஏற்றினால் நீலமாக ஒரே ஒரு கோடு. மேலே கீழே ஒரு தூசி இல்லை. ஆனால் மூன்று குப்பிகளையும் கலந்து ரத்தத்தில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ரத்தம் மட்டும் விட்ட குழாய் கலங்கல். நஞ்சு மட்டும் விட்டது கலங்கல். நஞ்சும் துணையும் விட்டது கலங்கல். கொழுப்பும் சேர்த்த நான்காவது குழாய், எங்கள் உயிரே அதில் இருந்தது, அதுவும் கலங்கல்.

நஞ்சை ஏதோ மற்றப் புரதங்கள் கடித்துத் தின்கின்றன என்று விம்லா முடிவுகட்டினார். அப்படிக் கடிக்காமல் காப்பாற்ற ஒரு ரசாயனம் சேர்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கொஞ்சம் சேர்த்தார். நடக்கவில்லை. கூடச் சேர்த்தார். இன்னும் கூட. கோடையிலும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டுகிற தாய் மாதிரி, ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு காப்பு. நானும்தான் அதை எடைபோட்டுக் கொடுத்தேன். டிசம்பர் போயிற்று. நீலக்கோட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு விம்லா பெருமூச்சு விட்டார். “எங்க பெரிய நாத்தனார் மாதிரி இருக்கு. அலங்காரம் எல்லாம் முடிஞ்சு நடுக்கூடத்துல நிப்பா. ஒரு டம்ளரைக்கூட நகர்த்தமாட்டா.”

மஃப்ளர்

எங்கள் குவார்ட்டர்ஸ் அப்போது கோல் மார்க்கெட் பக்கம். என் வீட்டுக்காரர் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். திருநெல்வேலிச் சைவக் குடும்பம்; முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தால் பிளேட்டைத் தள்ளிவிடுவார். என் வேலையை ஒருநாளும் குறை சொன்னதில்லை. தெர்மாஸ் மட்டும் வீட்டுப்படி ஏறக்கூடாது.

ஒருநாள் நான் ரத்தத்தோடு திரும்பும்போது நகரத்தில் ஏதோ கலாட்டா. பஸ்கள் நின்றுவிட்டன. நிலையத்துக்குப் போக வழியில்லாமல் தெர்மாஸோடு வீட்டுக்கே வந்துவிட்டேன். வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். ஃப்ரிட்ஜில் வைக்கவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் தெர்மாஸை வாங்கி, தன் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி பால்கனிக்குக் கொண்டுபோனார். சற்றுப் பொறுத்துப் போய்ப் பார்த்தால் அதற்குத் தன் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மஃப்ளர் எதற்கு என்றேன். “குளிர்ல கெட்டுறப்போவுதுட்டி. பாவம், அந்த அரோரா அம்மாவுக்கு மார்ச்சுல பரீட்சையில்லா.”

ஜாதிக்காய்

பிப்ரவரி பிறந்தது. கமிட்டி வரும் தேதி தெரிந்துவிட்டது. விம்லா மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பராத்தா டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளிவிட்டு, தன் பெண் படிக்கும் கல்லூரியில் லேப் அட்டெண்டென்ட் வேலைக்காவது சொல்லிவைக்கலாமா என்று கேட்டார். கேட்கும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் மிஸ்ரா போகிற போக்கில் ஒன்று சொன்னார். அந்த நஞ்சுக்குப் பிடித்த கொழுப்பு பதினாலு கார்பன் நீளமுள்ளது. அதன் பேரே ஜாதிக்காயிலிருந்து வந்தது, தேங்காயெண்ணெயிலும் நிறைய உண்டு என்றார். சனிக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனேன், அப்பளமும் எண்ணெயும் வாங்க. ஜாதிக்காய் டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒன்றைக் கையில் எடுத்தேன். மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக, லேசாக எண்ணெய் மினுக்கோடு. என் சின்ன மகளுக்குப் பேதி ஆனபோது இதை உரைத்துக் கொடுத்திருக்கிறேன். அவள் தலையில் இத்தனை வருஷமாக நான் தேய்த்த எண்ணெயிலும் இதே பதினாலு கார்பன். குழந்தைக்கு மருந்தாவதும் மயிருக்கு மினுக்காவதும் கிருமியின் கையில் கொலைக் கருவியாவதும் ஒரே பொருள். யார் அதை எங்கே ஒட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், பழக்கமானவர். குழந்தைக்கா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு காயைத் தாளில் மடித்துக் கொடுத்தார். “எடுத்துண்டு போங்கோ மாமி. உரைச்சுப் பால்ல குடிங்கோ. தூங்கி ரொம்ப நாளான முகமா இருக்கு.”

குழாய்த் தண்ணீர்

எங்கள் சோதனைகள் எல்லாம் காய்ச்சி வடித்த நீரில்தான். குழாய்த் தண்ணீர் ஆழ்கிணற்றுத் தண்ணீர்; அதில் பருப்பு வேகாது, கெட்டில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அந்தச் சுண்ணாம்பே வடிப்பானின் சூடேற்றும் கம்பியையும் ஒருநாள் தின்றுவிட்டது. வடித்த நீர் தீர்ந்தது. மெக்கானிக் திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. விம்லா சிறிது நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு, குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதில் உப்பை எடைபோட்டுக் கரைத்தார். நான் தடுத்தேன். அந்தத் தண்ணீரில் நான் காப்பிகூடப் போடமாட்டேன் என்றேன். உன் காப்பியை யார் கமிட்டிக்குக் காட்டப் போகிறார்கள் என்றார்.

நாலு குழாய், எப்போதும்போல அதே வரிசை. வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் வைத்துவிட்டு நான் பிப்பெட் கழுவப் போய்விட்டேன். எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பதை ஜனவரியோடு விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது விம்லா தாங்கியை ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் முன்னால் குனிந்து நின்றார். முதல் குழாய் கலங்கல். இரண்டாவது கலங்கல். மூன்றாவது கலங்கல். ஆகவே அழுக்குத் தண்ணீர் ரத்தத்தை உடைக்கவில்லை. நான்காவதில் வெயில் புகுந்து அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மாணிக்கம் என்று நான் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கோடானுகோடி அணுக்கள், ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, ஒரு சத்தமும் இல்லை. குழாய்க்குப் பின்னால் வளைந்து வளைந்து தெரிந்தது என் ஊர் எழுத்து. விம்லா நிமிரவில்லை. மெதுவாகத்தான் சொன்னார், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல: “கோம்தி, உன் ஜிலேபி தெரியுது.”

பான்

மிஸ்ராவைக் கூட்டிவந்தோம். குழாய்த் தண்ணீர் என்று சொல்லப் பயந்துகொண்டே சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாலு குழாயையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். வாஷ்பேசினுக்குப் போனார். திரும்பி வந்து, அந்தக் காப்பு ரசாயனம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். விம்லா சொன்ன அளவைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுப்பு ஒட்டினால் மட்டும் போதாது. அந்த நஞ்சு நேராக மடிந்து நிமிர்ந்து நிற்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாங்கள் போட்ட காப்போ தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பையெல்லாம் பிடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும் குணமுள்ளது. அதற்காகத்தான் அதைச் சேர்ப்பதே. கடிக்கிற புரதங்கள் சிலவற்றுக்கும் சுண்ணாம்பு வேண்டும். ஆக, கொழுப்பு டிசம்பரிலேயே சரியாக ஒட்டியிருந்தது. நஞ்சும் எழுந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள்தான் அதைக் காப்பாற்றிக் காப்பாற்றிக் கையைக் கட்டிப்போட்டிருந்தோம். பருப்பை வேகவிடாத எங்கள் தண்ணீரில் அந்தப் பைக்குள் அடங்காத அளவு சுண்ணாம்பு இருந்தது. விம்லா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. மிஸ்ரா சட்டைப் பையிலிருந்து அடுத்த பானை எடுத்துப் பிரித்தபடி சொன்னார்: “நாற்பது வருஷமா மெல்லுறேன். சுண்ணாம்பு தடவாம எந்தப் பான் சிவந்திருக்கு, விம்லா ஜி?”

ஜன்னல் வெளிச்சம்

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். காப்பை விட்டோம், சுண்ணாம்புச் சத்தை அளந்து சேர்த்தோம். குட்டையான கொழுப்பு, நீளமான கொழுப்பு என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தோம். சிலதற்கு நஞ்சு பாதி விழித்தது, சிலதற்குத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பதினாலுக்குத் துள்ளி எழுந்தது. கமிட்டியில் மூன்று பேர் வந்தார்கள். விம்லா கஞ்சிபோட்ட சேலையில், பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். ஸ்லைடு போடும் யந்திரத்தைத் தட்டினேன். மின்சாரம் போயிற்று.

யந்திரம் இல்லை, அளக்கும் கருவியும் இல்லை. மிஸ்ராவின் முகத்தில் ரத்தமே இல்லை. விம்லா என்னைப் பார்த்தார். நான் குழாய்த் தாங்கியைத் தூக்கி ஜன்னலில் வைத்தேன், பின்னால் கிழிந்த தமிழ்த் தாளோடு. பெரியவர்கள் மூவரும் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் ஒரு வங்காளிப் பெரியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். தெளிந்த குழாய்க்கு முன் எல்லாரும் ‘ம்’ என்றார்கள். அவர் மட்டும் கலங்கிய குழாயிடமே நின்றார். இதில் நஞ்சு இருக்கிறதா என்றார். இருக்கிறது, அதே அளவு, கொழுப்பு மட்டும் ஒட்டவில்லை என்றார் விம்லா. ரத்தம் இதை ஒன்றும் உணரவில்லையா என்றார். இல்லை என்றார் விம்லா. அப்படியானால் திருடனின் முகம் இருக்கிறது, கத்தி இல்லை. இதை உடம்புக்குக் காட்டி அடையாளம் சொல்லிக்கொடுக்க முடிந்தால் அது தடுப்பூசி அல்லவா, ஒருவேளை முடியாமலும் போகலாம், ஆனால் யாராவது பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். விம்லா தலையை ஆட்டினார். தலைவர் தாங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இந்தக் கலங்கினதைக் கொட்டிடாதீங்க, மிஸஸ் அரோரா. இன்னும் ரெண்டு வருஷம் இதோட உட்காருங்க.”

படித்தவர்

அந்தத் தடுப்பூசி நம்பிக்கை எங்கள் கையில் பலிக்கவில்லை. உடம்பு அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே மறந்துபோயிற்று. அதையும் உள்ளபடி எழுதித்தான் விம்லா டாக்டர் ஆனார். வயதைப் பார்க்காத ஒரு கல்லூரியில் நிரந்தர வேலையும் கிடைத்தது. அட்டெண்டென்ட்டாக இல்லை, ஆசிரியையாக.

பட்டம் உறுதியான சாயங்காலம் கோல் மார்க்கெட் வீட்டுக்குச் சூடாக ஒரு பெட்டி ஜிலேபியோடு வந்தார். பால்கனியில் தொங்கிய மஃப்ளரைப் பார்த்து, ரத்தத்துக்குப் போர்த்தியது இதுதானா என்று கேட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரிய ஜிலேபி ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டி, நீங்கள் தமிழ் படித்தவராயிற்றே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள் என்றார். இவர் வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி நிதானமாகப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். தமிழிலேயே பதில் சொன்னார், விம்லாவுக்கு அது நன்றாகவே புரிந்தது: “முதல் வரி படிச்சாச்சு. நல்ல சேதியாத்தான் இருக்கு.”

என் வீட்டுக்காரர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. குளிர்காலத்தில் மயூர் விஹார் பால்கனியில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். வெள்ளையாக உறைந்தது ஓரத்தில் இளகி, மெல்ல மெல்லத் தெளிந்து, பின்னால் இருக்கும் கம்பி தெரிய ஆரம்பிக்கும். எத்தனை முறை பார்த்தாலும் மூச்சு ஒரு கணம் நின்றுதான் ஓடுகிறது.

அத்தனை வருஷம் நஞ்சோடு புழங்கியதில் எனக்கு வந்த ஞானம், எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்குமுன் கொஞ்சம் மரியாதையாக உட்கார வேண்டும் என்பதும், யாரையும் அளவுக்கு மேல் காப்பாற்றிவிடக் கூடாது என்பதும்தான்.